ஒன்பதாம் மாதிரி

கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ஆறே முக்கால் வண்டியில்
தேசம்மா கொருக்குப்பேட்டையில் இறங்குவாள்.
ஈரச் சாக்கில் பொன்னாங்கண்ணி, முடக்கத்தான், முசுமுசுக்கை.
அடியில் தனியாக ஒரு கட்டு மூக்கிரட்டை,
அத்திப்பட்டில் தண்டவாளத்து ஓரம் பறித்தது.
"அது உனுக்கு" என்பாள்.
நான் சமைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.
எதற்கென்றுதான் தெரியாது.

கல்லூரி ஆய்வகத்தில் என் வேலை
இலையைக் கழுவுவது, நிழலில் உலர்த்துவது,
பொடித்து மெத்தனாலில் ஊறவைப்பது.
பட்டம் வாங்கப்போவது கீர்த்தனா.
கை மணப்பது எனக்கு.

முதல் கழுவலில் மண் வரும்.
மாதவரத்துக் கட்டுக்கு அதோடு சரி.
அத்திப்பட்டுக் கட்டுக்கு
நான்காவது தண்ணீரும் சாம்பல் நிறம்.
இலையின் அடிப்புறத்தில், காம்பு சேரும் மடிப்பில்
அனல்மின் நிலையம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

துருவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.
பிரிட்டோ காசிமேட்டில்
இரும்புப் படகுகளின் வயிற்றைச் சுரண்டுகிறவன்.
சாயங்காலம் அவன் சட்டையை உதறினால்
வாசலில் செங்காவியாய்
யாரோ ஒருவருடைய படகின் ஓரம் கிடக்கும்.
காற்று இரும்பைத் தின்னுகிறது, அவ்வளவுதான்.
அதே காற்று உள்ளே போய் நம்மையும் தின்னும் அக்கா,
கீரையில் இருப்பது அதைத் தடுக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்
என்று கீர்த்தனா சொன்னபோது
நான் அவன் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோதனை சின்ன விஷயம்.
ஓர் ஊதாத் திரவம்,
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
அதற்கு ஓர் எலக்ட்ரான் குறை,
அகப்பட்டதிலிருந்து பிடுங்கும்.
இலைச்சாற்றைச் சேர்த்து
அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும்.
கொடுக்கிற இலை என்றால்
ஊதா வெளிறி மஞ்சளாகும்.
எவ்வளவு வெளிறியது என்று
ஐந்நூற்றுப் பதினேழில் வைத்துக் கருவி படிக்கும்.

பொன்னாங்கண்ணி நிதானமாக மாறியது.
முசுமுசுக்கை யோசித்தது.
மாதவரத்து மூக்கிரட்டை பரவாயில்லை.
ஒன்பதாம் குழாய்க்கு இருட்டே தேவைப்படவில்லை.
மூடியைத் திருகுவதற்குள்
வைக்கோல் நிறம்.

கீர்த்தனா மூன்று முறை திரும்பச் செய்தாள்.
மூன்று முறையும் அதே.
சார் வந்து பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கஷ்டம் வந்தா செடி இதெல்லாம் அதிகமா சுரக்கும்மா.
ஓட முடியாதில்ல."
பிறகு கதவருகே நின்று,
"ஈயம் எவ்வளவுன்னு பாக்காம எழுதாதீங்க."

ஓட முடியாதில்ல.
அது என்னோடு பஸ்ஸில்
திருவொற்றியூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தது.

மறுநாள் தேசம்மா கேட்டாள்,
"இன்னாமா, நம்ப கீரை பாஸா?"
மொதல் மார்க் என்றேன்.
சிரித்தாள். "எங்க ஊட்ல தெனம் அதான்.
காலு வீங்குனா அதான், மூச்சு வாங்குனா அதான்."
இருபது நாளில் இன்னொரு முடிவு வரும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
நிலக்கரி வண்டி ஒன்று குறுக்கே வந்தது,
ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்.
கடைசிப் பெட்டி போனபோது
அவள் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன்.
முடிவு வரும்வரை அதை மட்டும் வேண்டாம் என்றேன்.
"அப்ப இன்னாத்த துன்றது?"
கோபமில்லை. விலை கேட்பது போலக் கேட்டாள்.

அன்றிலிருந்து மூக்கிரட்டை எத்தனை கட்டு வந்தாலும்
நானே வாங்கிவிடுகிறேன், பத்து ரூபாய்க்கு ஒன்று.
அவளும் பத்து ரூபாய் என்பதால்
இப்போதெல்லாம் கூடுதலாகவே பறிக்கிறாள்.
உலர்த்தும் தட்டில் இடமில்லை.
கீர்த்தனா எதுவும் கேட்கவில்லை,
ஜன்னல் ஓரம் இன்னொரு செய்தித்தாளை விரித்தாள்.